வெள்ளையடிக்காத கட்டம்

செய்தி வந்தபோது காலை மணி பத்து நாற்பது. புதன்கிழமை. கல்லூரியில் மாதத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மாணவர்களின் செல்போன்களையெல்லாம் பிடுங்கி மேசையில் அடுக்கிவிட்டு, தேர்வறை ஒழுக்கம் பற்றி நாலு வார்த்தை பேசி முடித்திருந்தேன். அப்போது என் சட்டைப்பையில் இருந்த போன் அலறியது. அறை முழுக்கச் சிரிப்பு. வெளியே வந்து எடுத்தேன். அத்தானோடு வேலை பார்த்த முப்பிடாதி அண்ணாச்சி.

"தம்பி, எங்க இருக்கிய?"

"பரீட்சை ஹால்ல."

"செத்த உக்காருங்க."

"வராண்டாவுல எங்க உக்கார? சொல்லுங்க அண்ணாச்சி."

"அத்தான் போயிட்டாவ தம்பி. கடம்பூர் பஸ் ஸ்டாப்புல. பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருந்தவிய, அப்படியே பெஞ்சுல சாஞ்சிட்டாவ. பக்கத்துல இருந்தவன் தூங்குறாவன்னு நெனச்சு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டுத்தான் எழுப்பிருக்கான்."

பிறகு அவரே சொன்னார்: "மடியில மஞ்சப்பை இருந்துச்சு. உள்ள கரண்டி. சோத்துக் கரண்டி இல்ல, கொத்தனார் கரண்டி."

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளரின் பையில் கொத்தனார் கரண்டி எதற்கு என்று முப்பிடாதி அண்ணாச்சி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

பெருமாள்சாமி அத்தான் என் அக்கா பொன்மணியின் கணவர். அவரைப் பெரிய மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல அக்கா விட்டிருக்கவும் மாட்டாள். பேய்க்கும் அதிகாரிகள் வரும் ஜீப்புக்கும் பயப்படுவார். பேயை அவர் பார்த்ததில்லை. கடம்பூர் போளியை வீட்டுக்கு வாங்கிவருகிறேன் என்று வாங்கி, வீடு வந்து சேர்வதற்குள் காலிப் பொட்டலமாக்கிவிடுவார். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே இருக்கும் ஒரு சுகாதார நிலையத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர், இரண்டாம் நிலை. இரண்டாம் நிலைக்குக் கீழே நிலை கிடையாது.

வேலை இதுதான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை தன் பொறுப்பில் இருக்கிற ஊர்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "யாருக்கும் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில் எடுத்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுத வேண்டும். மலேரியாவைக் கண்டுபிடிக்க அரசாங்கம் கண்ட வழி. ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் காய்ச்சக்காரர். "ஒத்தக் கேள்விக்குச் சம்பளம் வாங்குற ஆளு நாட்டுலயே இவியதான்" என்பாள் அக்கா.

அந்த ஒற்றைக் கேள்வியால்தான் கடைசியில் வினை வந்தது.

1999-ன் நடுவில் சுந்தரபாண்டியன் என்று ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, கைச்சுத்தம், நேரம் தவறாதவர், அதனால்தான் எல்லாரும் பயந்தார்கள். முதல் கூட்டத்திலேயே நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தாராம். "நீங்க போனதுக்கு நீங்களே சாட்சி எழுதினா எப்படி? இனிமே சுவர்ல எழுதுங்க. ஒவ்வொரு வீட்டுக் கதவு ஓரத்திலயும் ஒரு சதுர அடிக்குக் காவியில கட்டம் போடுங்க. போற அன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்து வைங்க. நான் எப்ப வேணும்னாலும் வந்து பார்ப்பேன்."

ஆறு மாதத்தில் அந்த நிலையத்தில் நாலு பேரின் வேலையும் மாறிப்போனது. அதுவரை ஒரு வீட்டில் உட்கார்ந்தால் இருமல், வயிற்றுப்போக்கு, மருமகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இப்போது கட்டத்தை நோக்கி நடந்தார்கள், எழுதினார்கள், அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். வீட்டுக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க நேரமில்லை. ஒருவர் இன்னும் சுருக்கமாக, ஒரே நடையில் வருஷம் முழுமைக்கும் தேதி போட்டுவிட்டு வந்தார். ஆகஸ்டில் ஜீப் போனபோது சுவரில் நவம்பர் கையெழுத்து இருந்தது. அவர் மறுவாரமே வேறு மாவட்டத்தில் இருந்தார்.

முப்பிடாதி அண்ணாச்சி கலைஞர். அவர் சுவரை நம்பவில்லை, ஆட்களைத் தயார் செய்தார். ஜீப்பிலிருந்து யார் இறங்கி என்ன கேட்டாலும் "வந்தாரு, கேட்டாரு, ரத்தம் எடுத்தாரு" என்று சொல்ல வேண்டும். தெருத் தெருவாக ஒத்திகை. ஒருநாள் வழி தவறி வந்த பருத்தி வியாபாரி ஒரு வீட்டில், "தாயி, கயத்தாறுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டிருக்கிறார். "வந்தாரு, கேட்டாரு, ரத்தம் எடுத்தாரு" என்று பதில் வந்திருக்கிறது. அந்தத் தெருவில் அவர் வேறு யாரிடமும் வழி கேட்கவில்லையாம்.

அத்தானுக்கு ஒத்திகை வராது. பொய் சொல்லக்கூடாது என்கிற கொள்கையெல்லாம் இல்லை, பயம். இன்னொருவரிடம் பொய்யைக் கொடுத்துவைத்தால் அது எப்போது திரும்பி வரும் என்கிற பயம். அதனால் அவர் எல்லா வீட்டுக்கும் நிஜமாகவே போய் எழுதினார். எழுத்து மட்டும் நிஜமாக இருந்தால் போதும் என்று நினைத்தார்.

பொங்கல் வந்தது. ஊரே சுண்ணாம்பு கலக்கி வெள்ளையடித்தது. தை ஆறாம் தேதி ஜீப் வந்தபோது வெயிலில் கண் கூசுகிற மாதிரி வெள்ளைச் சுவர்கள். ஒரு கட்டம் இல்லை. அரசு ஆவணங்கள் அழிக்கப்பட்டதற்கு விளக்கம் கேட்டு மெமோ. பதில் எழுதித் தந்தவன் நான்தான்: "தைப்பொங்கல் என்னும் பண்டிகை காரணமாக." விளக்கம் ஏற்கப்படவில்லை.

அடுத்த மார்கழியில் அத்தான் வீடு வீடாகப் போனார், காய்ச்சலை விசாரிக்க அல்ல. கட்டத்தை விட்டு வெள்ளையடிக்கச் சொல்லிக் கெஞ்ச. சிந்தலக்குளத்தில் முதல் வீடு வெயிலம்மாளுடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இல்லை, நாலு ஏக்கர் கரிசல், மகன் பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் தறி வேலை. நான் அன்று போளி வாங்கக் கூடப் போயிருந்தேன். அதனால் காதால் கேட்டேன்.

"மதினி, இந்தக் கட்டத்த மட்டும் விட்டுட்டு அடிங்க."

"எதுக்கு? வருசத்துக்கு ஒருநாளு வீடு வெளுக்கும். அதுல ஒரு பீத்தத் துணி ஒட்டுனாப்புல இது இருக்கணுமோ?"

"எனக்கு வேல போயிரும் மதினி."

"ஒமக்கு வேல இருந்து எனக்கு என்ன கிடைக்கு? வாசல்ல வாரீரு, சுவத்துல கிறுக்குதீரு, போறீரு. நாய் கூட காலத் தூக்கிட்டு ஒரு தரம் திரும்பிப் பாக்கும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் என்னை முறைத்தார்.

"இப்ப என்னங்கிய மதினி?"

"சுவரு என்னுது. ஒரு அடி வேணும்னா வாடகை குடும். பணம் வேண்டாம். மகன் கடுதாசி போட்டுருக்கான், மூணு நாளா கெடக்கு. உள்ள வந்து வாசிச்சுச் சொல்லும்."

அன்று தொடங்கியது. சிந்தலக்குளத்தில் வெயிலம்மாள் விதித்த வாடகை ஒரே நாளில் எழுபது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் பருத்திக்கு அடிக்கும் மருந்துப் புட்டியில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல வேண்டும். அதுவரை குத்துமதிப்பாக ஊற்றி, இரண்டு பேர் வரப்பில் மயங்கிக் கிடந்த ஊர் அது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்ணுக்கு உடம்பு முடியாத நாளைக்கு லீவு கடிதம். லிங்கராஜ் பெட்டிக்கடைக்கு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி. விதவைப் பென்ஷன் மனு, சாதிச் சான்று மனு, குழாய் வரவில்லை என்று மனு. அவர் கேட்டது ஒரு கையெழுத்துக்கு இடம். எழுதிக் கொடுத்தது ஆயிரம் காகிதம்.

ஊர் ஊராக இது பரவியது. புதன்கிழமை காலையில் சிந்தலக்குளத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பொங்கலுக்குப் பொங்கல் வீடுகள் வெளுத்தன. கதவு ஓரத்தில் அந்தக் கட்டம் மட்டும் பழுப்பேறி நின்றது. சுந்தரபாண்டியன் சார் பார்த்துப் பாராட்டி ஒரு கடிதமே கொடுத்தார். அக்கா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். கூடவே, "அந்த மதினி வீட்டுல மட்டும் என்ன அம்புட்டு நேரம்?" என்றும் கேட்டாள்.

"கடுதாசி நீளம்."

"அவன் எழுதுறது நாலு வரி. அத நீங்க நாப்பது நிமிசம் வாசிக்கிய."

இதற்கு நடுவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. எப்போது என்று அவருக்கே தெரியாது. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பது நின்றுபோயிற்று.

2003 நவம்பரில் ஜீப் வந்தது. அத்தான் அன்று வேறு ஊரில். சுந்தரபாண்டியன் சார் வெயிலம்மாள் வீட்டுச் சுவரைப் பார்த்தார். தேதிகள் ஒழுங்காக இருந்தன. திருப்தியோடு கேட்டிருக்கிறார்: "காய்ச்சல் விசாரிக்க ஆள் வருதா?"

"இல்லையே."

"பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வரலையா?"

"காய்ச்சலக் கேக்க மூணு வருசமா ஒருத்தரும் வரல சாமி."

அவள் பொய் சொல்லவில்லை. ஆளே வரவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். எழுதினார். அத்தானுக்குக் கடும் தண்டனைக்கான பதினேழு-பி குறிப்பாணை வந்தது. குற்றச்சாட்டு ஒன்று: போகாமலே போனதாகச் சுவரில் பொய்ப்பதிவு செய்தது. இரண்டு: காய்ச்சல் கண்டறியும் பணியைச் செய்யாதது.

அரசு வேலை தெரிந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். 2004 மே முப்பத்தொன்று அவர் ஓய்வு பெறும் நாள். பொய்ப்பதிவு என்கிற குற்றச்சாட்டு அன்றைக்கு நிலுவையில் இருந்தால், மாலை போடவேண்டிய கழுத்துக்குத் தற்காலிக நீக்க உத்தரவுதான் வரும். ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் நடந்த நடை எங்கும் போய்ச் சேராமல் நடுவில் நிற்கும். அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. போளி இறங்கியது.

வெயிலம்மாள்தான் அரசுத் தரப்பு முதல் சாட்சி. அவளுக்கு அழைப்பாணை தபாலில் வந்தது. வாசிக்க யார் இருக்கிறார்? புதன்கிழமைவரை வைத்திருந்து அத்தானிடமே கொடுத்திருக்கிறாள். தனக்கு எதிரான சாட்சிக்கு வந்த அழைப்பை அவரே வாசித்துச் சொன்னார், ஒரு எழுத்து விடாமல்.

"ஆவணம்னா என்னது?"

"எழுதி வச்சது மதினி. இது சம்பந்தமா எழுத்து ஏதும் இருந்தா கொண்டுவரச் சொல்லுதாவ."

"நீரு எழுதுனதெல்லாம் சுவத்துலதான இருக்கு?"

"சாட்சிகிட்ட நான் பேசப்படாது. நீங்க பாத்துக்கிடுங்க" என்று எழுந்து வந்துவிட்டார். அக்காவிடம் சொல்லிவிட்டு, மத்தியானமே படுத்துக்கொண்டார்.

மார்ச் மாதம் விசாரணை. கோவில்பட்டியில் ஓர் அலுவலகத்தின் பின்னறை. அத்தானுக்குத் துணையாக முப்பிடாதி அண்ணாச்சியும் நானும் வராண்டாவில் நின்றோம். பதினொன்றரைக்கு வெயிலம்மாள் வந்தாள். தலையில் கடகப்பெட்டி, மேலே ஈரச்சாக்கு. பின்னால் கிட்டுக் கொத்தனார். இரண்டு பேர் தலையிலும் சுண்ணாம்புத் தூள்.

"என்ன மதினி இது?"

"ஆவணம்" என்றாள்.

ஆளை வைத்து அந்த ஒரு அடிச் சுவர்ப் பூச்சை அப்படியே பெயர்த்து எடுத்து வந்திருந்தாள். முழுசாகத்தான் எடுத்தானாம் கிட்டு. கடம்பூர் ரோட்டில் பஸ் போட்ட குதியில் அது ஒன்பது துண்டானது. கண்டக்டர் லக்கேஜ் கேட்டு, பெட்டியில் என்ன என்று விசாரித்து, "சுவரு" என்று பதில் வந்ததும் டிக்கெட் கிழிக்காமல் முன்னால் போய்விட்டாராம்.

விசாரணை அதிகாரி வேறு துறையிலிருந்து வந்த ஒரு வயதானவர். மேசையில் கொட்டியதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்புகளை ஒதுக்கிவிட்டு, அவரும் கிட்டுவும் சேர்ந்து துண்டுகளைப் பொருத்தத் தொடங்கினார்கள். பியூன் காபி வைக்க இடமில்லாமல் திரும்பிப் போனார். கட்டம் மறுபடி உருவாகி வந்தது: வாடகை பேசிய நாளிலிருந்து எழுபத்திரண்டு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பெ.சா.' அதற்குப் பக்கத்தில் கரியால் ஒரு கோடு.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"வாடகை வச்சிருக்கம்லா? அவிய வந்து என் சோலியப் பாத்துக் குடுத்துட்டுப் போனா ஒரு கோடு. அவிய என் சுவத்துல எழுதுனா நான் எழுதப்படாதா?"

"அப்போ இவர் வந்திருக்கார்?"

"வராம? கடுதாசி வாசிச்சது யாரு, கவர்னரா?"

"நவம்பர்ல வரலைன்னு சொல்லியிருக்கீங்களே."

"அந்தச் சாமி என்ன கேட்டாரு? காய்ச்சலக் கேக்க வாராவளான்னு கேட்டாரு. இவிய ஒருநாளும் காய்ச்சலக் கேட்டதே இல்ல. கேக்காதத கேட்டாவன்னு எப்படிச் சொல்ல?"

அறையில் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திச் சிரித்தார். விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து விரலால் தேடினார். உடையாத ஒரே பெரிய துண்டில் நிறுத்தினார்.

"இந்த ரெண்டு தேதிக்கு மட்டும் கோடு இல்லையே."

அத்தானின் கழுத்தில் வியர்வை இறங்கியது கதவிடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு அவிய வரல" என்றாள் வெயிலம்மாள். "மறுவாட்டி வந்தப்ப சேத்து எழுதிக்கிட்டாவ. நான் கோடு போடல."

"பாவி மனுசி" என்றார் முப்பிடாதி அண்ணாச்சி என் காதில். "நம்ம ஊருன்னா வந்தாரு கேட்டாருன்னு முடிச்சிருப்பா."

ஆனால் காரியத்தை முடித்தது அந்த இரண்டு வெற்றிடம்தான். வராத இரண்டு நாளை மறைக்காதவள், வந்த எழுபது நாளுக்குப் பொய் சொல்ல மாட்டாள் என்று விசாரணை அதிகாரி அறிக்கையில் எழுதினார். இணைப்பு: சுண்ணாம்புப் பூச்சுத் துண்டுகள், ஒன்பது. பொய்ப்பதிவுக் குற்றச்சாட்டு இரண்டு நாள் அளவில் மட்டும் நிரூபணம். கேள்வி கேட்காதது முழுமையாக நிரூபணம். தண்டனை, கண்டனம். மே இருபத்தெட்டாம் தேதி உத்தரவு வந்தது. முப்பத்தொன்றாம் தேதி மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். சுவர்க் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தவர் முப்பிடாதி அண்ணாச்சி.

கோடு இல்லாத இரண்டு தேதிகளில் ஒன்று என் கல்யாண நாள். பந்தியில் அவர்தான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் எங்கே போனார் என்று அக்கா மூன்று வருஷம் கேட்டாள். சொல்லவில்லை.

வெயிலம்மாள் வீட்டுக் கதவு ஓரத்தில் பூச்சு போன இடம் கல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கிட்டு அன்றைக்கே பூசித் தருகிறேன் என்றான். அத்தான் விடவில்லை.

"நான் போட்ட கட்டம். நானே அடைச்சுத் தாரேன் மதினி."

ஓய்வு பெற்ற மறு புதன்கிழமையே கரண்டி வாங்கிக்கொண்டு போனார். வாசலில் நின்றதும் முதல் வார்த்தையாக, "யாருக்கும் காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டாராம்.

"சம்பளம் குடுத்தப்ப கேக்கல, இப்ப கேக்கியோ?" என்றாளாம். "ஆளுக்குத்தான் காய்ச்சல்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்ததும் அவரே வந்து சொன்னதுதான்.

அன்று சுவர் பூசவில்லை. கடுதாசி இருந்தது. அடுத்த முறை மழை. ஈரச்சுவரில் பூச்சு ஒட்டாது என்றார். பிறகு சுண்ணாம்பு சரியில்லை. பிறகு மணல் சரியில்லை. கோவில்பட்டியிலிருந்து கரண்டி மட்டும் தவறாமல் புதன்தோறும் பஸ் ஏறிப் போய், பஸ் ஏறித் திரும்பி வந்தது.

"ஒரு அடி ஓட்டைய மூணு வருசமா பூசுதாவ" என்பாள் அக்கா. "கட்டபொம்மன் கோட்டையக்கூட இம்புட்டு நாளா கட்டிருக்க மாட்டாவ." சொல்லிக்கொண்டே மஞ்சள் பையில் மோர்ச்சோற்று டப்பாவை வைப்பாள். ஒருநாள் இரண்டு டப்பா வைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அத்தானை எடுத்துப்போன அன்று சாயங்காலம் சிந்தலக்குளத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். வெயிலம்மாள் பெண்களோடு உட்காராமல் வாசல் ஓரத்திலேயே நின்றாள். அக்காதான் எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்து, அக்கா கேட்டாள்:

"உள்ளதச் சொல்லுங்க மதினி. பூசுனாவளா, இல்லையா?"

"தொடங்குனாவ" என்றாள் வெயிலம்மாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா கொடுத்துவிட்ட கரண்டியையும் அந்த இரண்டு டப்பாக்களில் ஒன்றையும் கொடுக்க நான் சிந்தலக்குளம் போனேன். கதவுக்கு வலது பக்கம் அந்த இடம் இருக்கிறது. பொங்கலுக்கு அடித்த வெள்ளை சுற்றிலும் புதிதாக இருக்கிறது. கட்டத்தின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சுண்ணாம்பு பூசி, கரண்டியால் இழைத்து விட்டிருக்கிறது. அதற்கு மேலே எட்டு அங்குலம் இன்னும் வெறும் கல்.